எதுவும் சொல்லாத இனிப்பு

1991 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாதத்தின் கடைசி ஞாயிறு. காலையில் எழுந்து குளித்து, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றி, வானொலியில் செய்தி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வாரத்துக்குரிய சேர்ட்டுகளுக்கு இஸ்திரி போடுவேன். பிறகு எல்லோருடைய சப்பாத்துகளுக்கும் பொலிஷ். அதன் பிறகு பின்தோட்டம். அன்று சேர்ட்டுகளோடு நிறுத்திக்கொண்டு கோட்டை மாட்டினேன். சைனா டவுனில் இனிப்புக் கடைகள் திறக்கிற நேரத்துக்கு நான் அங்கே நிற்க வேண்டும். இனிப்பை வாங்கி லூயிஷாமுக்குத் திரும்பி வந்து, மத்தியானம் மூவருமாகக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்.

என் தங்கையின் கலியாணப் பேச்சு அது. தங்கைக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாளிலிருந்து என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். கவுன்சில் நூலகம் ஒன்றில் வேலை செய்தாள். கோலியர்ஸ் வுட் வீட்டில் ஒரு தாயும் இரண்டு மகன்மாரும். மூத்தவர் கலியாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தார். வீட்டுக்கு அவர்தான் பேச்சாளர். இளையவர் அச்சகம் ஒன்றில் வேலை செய்தார். அவருக்குத்தான் தங்கையைப் பேசினார்கள். தாய்க்கு முழங்கால் வலி, ரயில் ஏறி இறங்க முடியாது. ஆகவே நாங்களே வருகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

தங்கை மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாறன். பாக்கிறன், கதைக்கிறன். ஆனா பலகாரம் ஒண்டும் கொண்டு போகக் கூடாது, அண்ணை. மச்சாள், உங்களுக்கும்தான் சொல்லுறன்."

"வெறுங்கையை வீசிக்கொண்டு ஒரு வீட்டுப் படியேறுறதோ?" என்றாள் என் மனைவி. "சனம் என்ன நினைக்கும்?"

"போன முறை சனம் நினைச்சதே காணும், இனி வேண்டாம்."

போன முறை என்பது மூன்று வருடத்துக்கு முந்தியது. அப்டன் பார்க்கில் ஒரு குடும்பம். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். என் மனைவி நல்ல மனத்தோடு சீனி அரியதரமும் பயத்தம் பணியாரமும் சுட்டு, கரைபோட்ட துணியால் கட்டிக் கொண்டுவந்தாள். தங்கைக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. சொல்லியனுப்பினோம். அதற்குள் அந்த வீட்டார் ஊரெல்லாம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். 'பலகாரத்தோடயெல்லோ வந்தவை, இப்ப மாட்டம் எண்டினம்' என்பதுதான் கதை. ரொறொன்ரோ போய், அங்கிருந்து பாரிஸ் வந்து, மறுபடி லண்டனுக்கு வந்தபோது அந்தக் கதையில் மோதிரமும் மாற்றியாகிவிட்டது. சொல் மாறிய பெண் என்று பெயர் வந்தது அவளுக்கு. பலகாரம் சுட்டவர்களுக்கு இல்லை. அதன் பிறகு வந்த இரண்டு பேச்சுகள் அந்தக் கதை கேட்டே நின்றுபோயின.

ஆகவே இந்த முறை அவள் கேட்டது சின்ன விஷயம் அல்ல. 'இல்லை' என்று சொல்வதற்கு அவளுக்கு இடம் இருக்க வேண்டும். நாங்கள் கையில் கொண்டுபோகிற பொருள் அவளுக்கு முன்னால் 'ஓம்' என்று சொல்லிவிடக் கூடாது.

என்ன கொண்டுபோவது என்று சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். வாழைப்பழம் கொண்டுபோனால் வெற்றிலை எங்கே என்று கேட்பார்கள் என்றாள் மனைவி. சொக்கலேற் டின், சின்னப்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோவது. கேக்கில் முட்டை இருக்கும். அந்தத் தாய் ஆவணி ஞாயிறு விரதக்காரி. கடைசியில் நான்தான் சொன்னேன்.

"சைனாக்காரன்ர இனிப்பு வாங்குவம். எங்கட ஆக்களிட்ட அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை."

தங்கை யோசித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அது சரி. அதை வைச்சு ஒருத்தரும் ஒரு கதையும் கட்ட ஏலாது."

எனக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. என் அலுவலகம் சேரிங் குரொஸ் பக்கத்தில். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடக்கிற வழக்கம் எனக்கு உண்டு. நடந்தால் சைனா டவுனைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஹொங்கொங்கைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் விடுமுறை முடிந்து வந்து எல்லோருடைய மேசையிலும் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னக் கேக்கை வைத்துக்கொண்டு போனார். அழுத்தினால் பொடியாகிவிடும். வாயில் போட்டதும் பயறு என்று நாக்கு சொல்லிவிட்டது. வறுத்த பயற்றமா, சீனி, கொஞ்சம் எண்ணெய். பயத்தம் பணியாரத்தின் உள்ளீட்டை எடுத்து அச்சில் அழுத்தியது போல இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் நிற்கத் தொடங்கினேன்.

பிறகு, லண்டனிலிருந்து யார் எங்கே புறப்பட்டாலும் என்னிடம் கேட்கும் பழக்கம் வந்தது. ரொறொன்ரோவுக்குப் போகிறவருக்கும் ஜேர்மனிக்குப் போகிறவருக்கும் நான் எழுதிக் கொடுப்பேன். முட்டைக் கஸ்டர்ட் வைத்த சின்னத் தட்டு அழகாக இருக்கும், ஆனால் அன்றே தின்ன வேண்டியது, பிரயாணத்துக்கு ஆகாது. வாதுமைக்கொட்டை பிஸ்கட் சூட்கேசில் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மாவாகப் போய்ச் சேரும். எள்ளும் கச்சான் கடலையும் சேர்த்துப் பாகில் இறுக்கிய தட்டு எங்கே எறிந்தாலும் உடையாது, எத்தனை நாளும் கிடக்கும். சீனியில் ஊறவைத்துக் காயப்போட்ட நீத்துப்பூசணித் துண்டு கொழும்பில் இருந்தவர்களுக்கு நல்லாய்ப் பிடிக்கும். அங்கே விற்கிற பூசணி இனிப்பின் பெயரால் தோசி என்று சொல்லி எடுத்துக் கொள்வார்கள். சீனர்களின் நிலவுத் திருநாளுக்கு விற்கிற கனத்த கேக்கை மட்டும் விளக்கம் சொல்லாமல் கொடுத்துவிடக் கூடாது. ஒருமுறை ஜேர்மனியிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசியில் சத்தம் போட்டார்: "உள்ளுக்க ஒரு முட்டை மஞ்சள் கருவை வைச்சிருக்கிறாங்கள், அதுவும் உப்பு முட்டை! இது இனிப்போ கறியோ? நான் இதைப் பாணோட தின்னுறதோ தேத்தண்ணியோட தின்னுறதோ?"

எல்லாவற்றையும் விட முக்கியம் பன்றிக்கொழுப்பு. ஏடு ஏடாக உதிர்கிற மாவாக இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கொழுப்பின் வேலை. இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

லண்டனிலிருந்து கொண்டுபோகிற இனிப்பு லண்டனுடையதாக இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை என்பதை நான் பிற்பாடுதான் யோசித்தேன். ரொறொன்ரோவில் இருந்தவர்களுக்கு அது 'லண்டன் இனிப்பு'. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைகளில் வரிசையில் நிற்கிற சீனக் குடும்பங்களும் தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். பெரிய பெட்டிகளாக வாங்கி, கயிறு போட்டுக் கட்டுவித்து, காரின் பின்பக்கம் அடுக்கிக் கொண்டு போவார்கள். நாங்கள் டூட்டிங்கில் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் வாங்குகிற முகம்தான் அது. அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தீனியில் இருப்பது போய்வந்த இடம் அல்ல. 'உன்னை நினைத்தேன்' என்ற ஒரு செய்திதான். அப்படித்தான் அப்போது நம்பினேன். அதற்கு மேலும் செய்தி இருக்கலாம் என்பது, பலகாரத்தால் அடிபட்ட எனக்கே தோன்றவில்லை.

அன்று கடையில் கூட்டம். அடுத்த ஞாயிறு நிலவுத் திருநாள். டின் டின்னாகக் கேக் அடுக்கியிருந்தார்கள். காசுமேசையில் நிற்கிற பெண்மணிக்கு என்னைத் தெரியும். பெயர் தெரியாது, ஆனால் பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று நான் எப்போதும் சொல்வதை வைத்து, தூரத்தில் கண்டதும் "நோ லார்ட்!" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்.

அன்று முட்டையும் ஆகாது என்றேன். பயற்றங்கேக் முடிந்துவிட்டது என்றார். எள்ளுத்தட்டு இருந்தது, ஆனால் பல் போன ஒரு தாய்க்கு அதைக் கொடுக்க முடியாது. அவர் கொஞ்சம் யோசித்து, உள்ளே போய் ஒரு தட்டம் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத்தில் வட்டமான கேக்குகள், மேலே சிவப்பு மையில் ஒரு முத்திரை.

"ஒரு குடும்பம் ஓடர் தந்தது," என்றார் அவருடைய ஆங்கிலத்தில். "பௌத்தக் குடும்பம். கொழுப்பு இல்லை, முட்டை இல்லை. எல்லாம் கடலை எண்ணெய். கொஞ்சம் கூடச் சுட்டுவிட்டோம்."

"உள்ளே என்ன?"

"மஞ்சள், பயறு. சிவப்பு, தாமரை விதை. வெள்ளை, தேங்காய்."

"மேலே முட்டை பூசவில்லையே?"

"பௌத்தக் குடும்பம்!" என்றார், நான் பாடம் படிக்காத பிள்ளை போல.

நான் எட்டுக் கேட்டேன். வெள்ளை மட்டைப்பெட்டியை எடுத்து விரித்தார். நல்ல பெட்டியாகக் கிடைக்குமா என்றேன். என் தங்கைக்காக ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்றும் சொன்னேன். அவர் கை நின்றது.

"உங்கள் தங்கைக்கா?"

"ஆமாம்."

அவருடைய முகம் முழுவதும் சிரிப்பாயிற்று. வெள்ளைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, குனிந்து மேசைக்குக் கீழிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தார். மூடியில் பொன்னிறத்தில் ஒரு பெரிய பறவையும், வளைந்து நெளிந்த ஒரு பிராணியும், நடுவில் ஒரு சீன எழுத்தும். கடையின் முத்திரை என்று நினைத்தேன். சிவப்பு நாடா கட்டி இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். இத்தனை வருட வாடிக்கைக்கு ஒரு மரியாதை என்று மனம் குளிர்ந்தது.

வீட்டில் பெட்டியைக் கண்டதும் மனைவி கைகூப்பினாள்.

"இஞ்சரப்பா, மயிலும் நாகமும்! ஆவணி ஞாயிறும் அதுவுமா நாகதம்பிரானும் முருகனும் ஒரு பெட்டியில வந்திருக்கினம்."

"அது பாம்பில்லை, கால் இருக்கு பாருங்கோ," என்றாள் தங்கை.

"சைனாப் பாம்புக்குக் கால் இருக்கும். உனக்கென்ன தெரியும்?" மனைவி மூடியைத் திறந்து எண்ணினாள். "எட்டு இருக்கு. ஒண்டை எடுத்திடுவம், ஒற்றைப்படையில இருக்கட்டும்."

"வேண்டாம் மச்சாள். ஒற்றைப்படை எண்டா அது மங்களமாப் போயிடும். சோடியாவே இருக்கட்டும்."

அதைக் கேட்டு நானும் ஒப்புக்கொண்டேன். மூன்று பேரும் மிகக் கவனமாக இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் ராகுகாலம். அதற்கு முன்னால் வந்துவிடும்படி மூத்தவர் சொல்லியிருந்தார். லண்டன் பிரிட்ஜில் மாறி, நோர்தேர்ன் லைனில் கோலியர்ஸ் வுட்டில் இறங்கினோம். வரிசை வீடு, முன்னறையில் கம்பளம் புதிதாய்க் கூட்டியிருந்தது. தாய் சோபாவில் கால் நீட்டி இருந்தார். மூத்தவர் வாசலிலேயே பேசத் தொடங்கிவிட்டார். இளையவர் கதவோரம் நின்றார். மெலிந்த மனிதர், நாற்பதுக்குக் கிட்ட இருக்கும், நகக்கண்ணில் கழுவியும் போகாத அச்சுமை.

மனைவி பெட்டியை இரண்டு கையாலும் தாயிடம் கொடுத்தாள். "சைனாக்காரற்ற இனிப்பு, அம்மா. முட்டை இல்லை, கொழுப்பு இல்லை. நீங்கள் விரதமெண்டு இவர் துருவித் துருவிக் கேட்டுத்தான் வாங்கினவர்."

தாய் பெட்டியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மயிலெல்லோ! நாகமும் கிடக்கு. கடைசி ஆவணி ஞாயிறில என்ர வாசலுக்கு வந்திருக்கு. தம்பி, இதைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால வை."

இளையவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். வெட்கமா சினமா என்று தெரியவில்லை. சட்டென்று வந்து பெட்டியை வாங்கினார்.

"குடுங்கோ அம்மா, வெட்டித் தட்டில போட்டுக்கொண்டு வாறன்."

"சாமிக்கு வைச்சுப்போட்டு எடடா."

"தட்டில போட்டே வைப்பம்."

சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. மூத்தவர் உரக்கச் சொன்னார்: "அங்க என்னடா செய்யிறாய்? பெட்டியையும் சேர்த்துத் தின்னுறியோ? அண்ணை, குறை நினையாதேங்கோ. இவனுக்குப் பொம்பிளையைக் கண்டா கை கால் ஓடாது."

வெள்ளைத் தட்டு ஒன்றில் நான்காக வெட்டிய கேக்குத் துண்டுகளோடு அவர் திரும்பி வந்தார். மேலேயிருந்த சிவப்பு முத்திரை ஒன்றுகூடத் தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தார். தாய் பெட்டி எங்கே என்றார். "கிடக்கு அம்மா, பிறகு பாப்பம்," என்றார். தாய் ஒரு துண்டைத் தின்று, "பயறு!" என்று சின்னப்பிள்ளை போலச் சொன்னார். அதன் பிறகு அவர் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைக்க நான் சமையலறைக்குள் போனபோது பெட்டியைக் கண்டேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, தட்டையாக மடித்து, அதன் மேல் பழைய செய்தித்தாளைப் போட்டிருந்தது. சிவப்பு நாடா மட்டும் வெளியே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கையால் வாங்கி இரண்டு கையால் கொடுத்த பொருளை ஒரு மனிதர் ஒளித்து வைத்திருக்கிறார். எங்கள் வரவு பிடிக்கவில்லை என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? யன்னலால் பார்த்தேன். அவரும் தங்கையும் பின்தோட்டத்தில் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர் ஏதோ சொல்ல, தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் சிரிக்காமல் நெடுநேரம் பேசினார்கள்.

புறப்படும்போது மூத்தவர் என் கையைப் பிடித்தார்.

"செவ்வாய்க்கிழமை புரட்டாதி பிறக்குது, அண்ணை. அதுக்கு முன்னம் ஒரு சொல் வேணும். நாளைக்குக் கோல் எடுங்கோ. ஓம் எண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. இழுபட ஏலாது."

லண்டன் பிரிட்ஜ் மேடையில் ரயிலுக்காக வாங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பெட்டியை ஒளிச்சு வைச்சவர் எண்டு இவர் சொல்லுறார். இப்பவே இப்பிடியெண்டா எப்பிடி?"

"ஓம், ஒளிச்சவர்," என்றாள் தங்கை. "எனக்காகத்தான் ஒளிச்சவர்."

பிறகு சொன்னாள். அந்த மனிதர் லண்டனுக்கு வந்த புதிதில் நான்கு வருடம் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் வேலை செய்திருக்கிறார். மரியாதை இல்லை என்று மூத்தவர் அதை எங்களிடம் சொல்லவில்லை. முதலாளியின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, வீடு வீடாகப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

"இதே பெட்டிதானாம், அண்ணை. இதே பறவை, இதே பிராணி. நடுவில கிடந்தது கடையின்ர பேர் இல்லை, கலியாண எழுத்தாம். எங்கட பிள்ளைக்குச் சம்மந்தம் சரியாப்போச்சு எண்டு பொம்பிளை வீட்டார் கொண்டுபோய்க் குடுக்கிறதாம். சோடியாத்தான் வைக்கிறதாம், ஒற்றைப்படையில வைக்கிறேல்லையாம்."

மனைவி வாயில் கை வைத்தாள். கடையில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். மாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன், மேலே என்ன பூசியது என்று கேட்டேன். அந்தப் பௌத்தக் குடும்பம் எதற்காக ஓடர் கொடுத்தது என்று கேட்கவில்லை. அந்தப் பெண்மணி சிவப்புப் பெட்டியை எடுத்தபோது எனக்கு வாழ்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"'உங்கட அண்ணைக்கு இது தெரியுமோ?' எண்டு கேட்டவர்," என்றாள் தங்கை. "தெரிஞ்சிருந்தா வாற வழியில தேம்ஸுக்குள்ள எறிஞ்சிருப்பார் எண்டு சொன்னனான். அதுக்குத்தான் சிரிச்சனாங்கள்."

"மற்றவைக்குச் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. 'அம்மாவுக்குத் தெரிஞ்சா முருகன் தந்த உத்தரவு எண்டு பிடிச்சுக்கொண்டு நிப்பா. என்ர அண்ணை இண்டைக்கே கனடாவுக்குச் சொல்லிப்போடுவார். நீங்கள் இல்லையெண்டு சொன்னாலும் இந்தப் பெட்டி ஒரு கதையாகக் கூடாது' எண்டவர்." அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "அப்டன் பார்க் கதை அவருக்குத் தெரியும், அண்ணை. கேட்டிருக்கிறார். அதைப் பற்றி ஒரு கேள்வியும் என்னட்டக் கேக்கேல்லை."

"அப்ப அவருக்கு விருப்பமோ இல்லையோ?" என்றாள் மனைவி.

"நானும் கேட்டனான். 'விருப்பம்தான். ஆனா பெட்டி சொன்னதுக்காக வேண்டாம், நீங்கள் சொன்னாப் போதும்' எண்டார்."

எங்கள் ரயில் வந்தது. மூவரும் ஏறி இருந்தோம். அர்த்தம் இல்லாத பொருள் ஒன்றைத் தேடிப் போனோம் நாங்கள். அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை போலும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சுமந்துபோகிற தீனியில், எங்கள் ஊரிலும் அவர்களுடைய ஊரிலும், யாரோ எப்போதோ ஒரு சொல்லை வைத்துவிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்காதது போல் இருக்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருந்ததுதான் அன்று எங்களுக்கு வாய்த்த நல்லது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவும் ஒரு பெட்டிதான் என்று பட்டது. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லூயிஷாமில் இறங்கி நடக்கும்போது, "நாளைக்கு என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் கோல் எடுக்கிறன்."

"பொம்பிளைப் பிள்ளை தானே எடுக்கிறதோ?" என்றாள் மனைவி. குரலில் முன்னைய உறுதி இல்லை.

"நாங்கள் சொல்லுறதைத்தானே எல்லாரும் மாத்திச் சொல்லுகினம், மச்சாள். இந்த முறை என்ர வாயால போகட்டும்."

வீட்டுக்கு வந்து, காலையில் விட்ட சப்பாத்துகளுக்குப் பொலிஷ் போட்டேன். தங்கை மேலே போய் மறுநாள் வேலைக்கு உடுப்பு எடுத்து வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், தங்கை படியிறங்கி வந்து நடையில் இருந்த தொலைபேசியை எடுத்தாள். நான் சமையலறைக்குள் போகப் பார்த்தேன். நிற்கும்படி கையால் காட்டினாள். எடுத்தது மூத்தவர்; பதில் கேட்கவென்று விடியவே தாய் வீட்டுக்கு வந்திருந்தார் போலும். தம்பியைக் கூப்பிடச் சொன்னாள். அவர் ஏதோ நீளமாகச் சொல்ல, "ஓம், உங்களுக்கும் சொல்லுவம், முதல் அவரைக் கூப்பிடுங்கோ," என்றாள். காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தபடியே, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள்:

"நான்தான். நாளைக்குப் புரட்டாதி பிறக்குது. இனி ஒரு மாசத்துக்கு ஒருத்தரும் நாள் பாக்க மாட்டினம், எங்களையும் ஒருத்தரும் நெருக்க ஏலாது. அந்த மாசம் முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுப் பாப்பம். பிறகு நான் சொல்லுறன், நீங்களும் சொல்லுங்கோ. சரியோ?"

மறுமுனையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தங்கை படியில் உட்கார்ந்து, தொலைபேசி வயரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எத்தினை மணிக்கு உங்களுக்கு வேலை முடியும்?" என்று கேட்டாள்.